பருப்பு வேகாத தண்ணீரும் வடக்கு ஜன்னல் வெயிலும்

கேள்வி இது: "யாரும் சொல்லித்தராமல், அன்றாட வாழ்க்கையில் தற்செயலாகவே நாம் தெரிந்துகொள்ளும் சின்னச் சின்ன விஷயங்கள் சென்னையில் என்னென்ன? அவற்றில் எதற்கு உண்மையான காரணம் இருக்கிறது, எது வெறும் நம்பிக்கை?"

வேதியியல் சொல்லிக்கொடுப்பது என் வேலை. அதனால் கேள்வியின் இரண்டாவது பாதிதான் என்னை அதிகம் இழுக்கிறது. ஏதாவது ஒன்று தற்செயலாகக் கண்ணில் படுவது எல்லார் வீட்டிலும் நடக்கிறது. அதன் காரணம் பிடிபட்டால், அது எங்கே பலிக்கும், எங்கே கைவிடும் என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடும். காரணம் தெரியாமல் அப்படியே எடுத்துக்கொண்டால், ஓரிடத்தில் நன்றாக உதவிய குறிப்பு இன்னொரு இடத்தில் பொருளைக் கெடுத்துவிடும். பெரும்பாலும் சமையலறையில் இருந்தே சொல்கிறேன், கண்டுபிடிப்புகள் அதிகம் நடக்கும் இடம் அதுதான்.

முதலில் துவரம் பருப்பு. சென்னைக்குள் வீடு மாறிய பல குடும்பங்கள் இதைத் தாங்களாகவே கண்டுபிடித்திருக்கும். பழைய வீட்டில் நாலு விசிலில் குழைந்த பருப்பு, புது வீட்டில் ஏழு விசில் வந்தாலும் முழித்துக்கொண்டு நிற்கும். கடைக்காரர் மேல் சந்தேகம் வரும், குக்கர் கேஸ்கட்டை மாற்றிப் பார்ப்பார்கள். அப்புறம் ஒரு நாள் மோட்டார் ஓடாமல் போக, குடிக்க வாங்கி வைத்த கேன் தண்ணீரில் பருப்பைப் போடுவார்கள். அன்றைக்கு மத்தே தேவைப்படாது. குற்றவாளி போர் தண்ணீர், அதாவது ஆழ்துளைக் கிணற்று நீர், என்பது அப்போதுதான் புரியும்.

இது முழுக்க உண்மை. பருப்பின் செல்களை ஒன்றோடு ஒன்று ஒட்டி வைத்திருக்கும் பசைக்குப் பெக்டின் என்று பெயர். சூட்டில் அது கரைந்தால்தான் பருப்பு குழையும். நிலத்தடி நீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம் இருந்தால் அதைக் கடினத் தண்ணீர் என்கிறோம். அந்தக் கால்சியம் பெக்டின் இழைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்து அவற்றை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. பிறகு எத்தனை விசில் விட்டாலும் பசை லேசில் இளகாது. குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லை என்றால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர அளவு. சென்னையில் பல போர்களின் தண்ணீர் அந்த 200-ஐ எளிதாகத் தாண்டிவிடும். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளில் இருந்து வரும் மெட்ரோ தண்ணீர் பெரும்பகுதி மண்ணுக்கு மேலே தேங்கியது. பாறையோடு அதிக நாள் பழகாததால் அதில் கால்சியம் குறைவு.

இந்தக் காரணம் தெரிந்த பிறகு வேறு சில விஷயங்களும் தானாகப் புரிய வரும். பெக்டின் இளகாமல் இருக்கப் புளிப்பும் உதவும். பருப்பு வெந்த பிறகுதான் புளிக்கரைசலை ஊற்ற வேண்டும் என்று நம் வீடுகளில் சொல்வது அதனால்தான். அவசரத்தில் தக்காளியையும் பருப்பையும் ஒன்றாகக் குக்கரில் போட்டால் விசில் கூடுதலாகத் தேவைப்படும். இதையே திருப்பியும் பயன்படுத்தலாம். கத்தரிக்காய் குழம்பில் கரைந்துபோகாமல் முழுசாக நிற்க வேண்டுமென்றால் புளித்தண்ணீரிலேயே வேகவிட வேண்டும். வத்தக்குழம்பு நன்றாக வைப்பவர்கள் இதை வேதியியல் படிக்காமலே செய்கிறார்கள். ஆப்ப சோடா இதற்கு நேர் எதிர்: அதில் இருக்கும் காரம் (மிளகாய்க் காரம் இல்லை, புளிப்புக்கு எதிரான குணம்) பெக்டினைச் சட்டென்று உடைத்துவிடும். ஆனால் பருப்பில் இருக்கும் பி1 வைட்டமினையும் சேர்த்தே அழிக்கும். ஆகவே தினமும் சோடா போட்டு வேகவைக்கும் பழக்கம் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

உப்பு விஷயத்தில் மட்டும் வீட்டு நம்பிக்கை தவறு. "உப்பு போட்டால் கடலை வேகாது" என்பார்கள். கொண்டைக்கடலையை இரவு உப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பாருங்கள். உப்பில் உள்ள சோடியம் தோலில் இருக்கும் கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் தோல் மெத்தென்று வேகும். அதேபோல, பருப்பில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டால் சீக்கிரம் வேகும் என்பதும் சரியில்லை. அந்த எண்ணெய் நுரையைத்தான் அடக்குகிறது. விசில் துளை அடைபடாமல், பருப்புத் தண்ணீர் அடுப்பெல்லாம் தெறிக்காமல் இருக்கும். எண்ணெய் விடுவது நல்ல பழக்கம்தான், சொல்லப்படும் காரணம் வேறு.

பருப்பு வேகவில்லை என்றால் உடனே தண்ணீர் மேல் பழி போடவும் முடியாது. சென்னையின் வெக்கையிலும் ஈரத்திலும் மாதக்கணக்கில் கிடந்த பழைய பருப்பு, நல்ல தண்ணீரிலும் கடினமாகவே இருக்கும். இரண்டில் எது என்று கண்டுபிடிக்க வழி எளிது. அதே பருப்பில் இரண்டு கைப்பிடி எடுத்து, இரண்டு கிண்ணத்தில் போட்டு, ஒன்றில் போர் தண்ணீர், ஒன்றில் கேன் தண்ணீர் ஊற்றி ஒரே குக்கரில் வையுங்கள். இரண்டும் வேகாவிட்டால் பருப்பு பழசு. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு ஊரே லாரிக்குக் காத்திருந்தபோது, ஒவ்வொரு லாரித் தண்ணீரும் ஒவ்வொரு கிணற்றில் இருந்து வந்தது. ஒரே மூட்டைப் பருப்பு ஒரு வாரம் குழைவதும் மறு வாரம் முரண்டு பிடிப்பதுமாக இருந்ததற்கு அதுதான் காரணம்.

இந்தக் கடினத் தண்ணீர்தான் சோப்பை நுரைக்க விடாமல் செய்கிறது, குழாயிலும் ஷவரிலும் வெள்ளையாகப் படிகிறது. எலுமிச்சைத் தோலையோ புளியையோ தேய்த்தால் அந்தப் படிவு கரைந்து போகும் என்பது தற்செயலாகக் கண்டுபிடித்த இன்னொரு நல்ல விஷயம். படிவு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், புளிப்பு அதைக் கரைக்கிறது. ஆனால் சலவைக்கல்லும் (மார்பிள்) கால்சியம் கார்பனேட்தான்! குழாயில் பலன் கொடுத்ததே என்று அதே எலுமிச்சையைச் சலவைக்கல் மேடையிலும் மொசைக் தரையிலும் தேய்த்தால் பளபளப்பு போய்ச் சொரசொரப்பாகிவிடும். காரணம் தெரியாத குறிப்பு இன்னொரு இடத்தில் கெடுதல் செய்யும் என்று சொன்னது இதைத்தான். கடினத்தைக் குறைக்க நிலையான வழி மழைநீர். 2003-இல் தமிழ்நாடு முழுக்க மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். மொட்டை மாடித் தண்ணீரைக் கிணற்றுக்குள் ஒழுங்காக இறக்கும் வீடுகளில், மழை முடிந்த சில மாதங்களுக்குக் கிணற்று நீரின் சுவை மாறுவதை நாக்கே சொல்லும்.

மேலே சொன்ன இரண்டு கிண்ணச் சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றதெல்லாம் ஒரே மாதிரி வைத்துப் பார்ப்பது. இட்லி மாவில் இதைச் செய்து பார்க்கலாம். "கையால் கரைத்தால்தான் மாவு பொங்கும், கரண்டியால் கரைத்தால் பொங்காது" என்பது பரவலான நம்பிக்கை, சிலர் கைராசி என்றும் சொல்வார்கள். மாவைப் பொங்க வைப்பதில் முன்னால் நிற்கும் நுண்ணுயிர் லியூகோநாஸ்டாக் மெசன்டெராய்டஸ். அது உளுந்தோடும் அரிசியோடும்தான் வருகிறது. உளுந்தின் வழவழப்பு அந்த நுண்ணுயிர் உண்டாக்கும் வாயுவை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. ஒரே மாவை ஒரே அளவு பாத்திரம் இரண்டில் பிரித்து, ஒன்றைக் கையாலும் ஒன்றைக் கரண்டியாலும் நன்றாகக் கலந்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சென்னையில் இரண்டுமே பொங்கும். கை செய்வது உப்பையும் உளுந்தையும் அடிவரை கலப்பதும், கொஞ்சம் சூடு தருவதும்தான். குளிர் ஊர்களில் அந்தச் சூடு கணக்கில் வரலாம், மே மாதச் சென்னையில் அதற்கு வேலையே இல்லை. மாவு எவ்வளவு நேரத்தில் பொங்கும் என்பதைத் தீர்மானிப்பது வெப்பம். சித்திரையில் ராத்திரி பத்து மணிக்கு வெளியே வைத்த மாவு காலையில் புளித்துப் போயிருக்கும், மார்கழியில் அதே நேரம் வைத்தால் சரியாக இருக்கும்.

அடுத்து அரிசி. நம் வீடுகளில் அரிசி டிரம் மூன்று வேலைகளுக்குப் பயன்படுகிறது. ஒன்று நன்றாகப் பலிக்கும், ஒன்று பாதி பலிக்கும், ஒன்று பலிக்கவே பலிக்காது.

நன்றாகப் பலிப்பது மாங்காயைப் பழுக்க வைப்பது. பழுக்கத் தொடங்கும் காய் எத்திலீன் என்ற வாயுவை வெளியிடுகிறது, அந்த வாயுவே காயை மேலும் பழுக்கச் சொல்கிறது. அரிசிக்குள் புதைத்தால் வாயு கலைந்து போகாமல் காயைச் சுற்றியே நிற்கும், உள்ளே சூடும் நிலையாக இருக்கும். இதன் பின்னால் இருக்கும் வாயுவைக் கண்டுபிடித்ததும் பாதி தற்செயல்தான். ஐரோப்பிய நகரங்களில் தெருவிளக்குக்கான எரிவாயு கசிந்த இடங்களில் மரங்கள் காரணமில்லாமல் இலை உதிர்த்தன. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஆய்வகத்தில் நெல்யூபோவ் என்ற ரஷ்ய மாணவர், பட்டாணி நாற்றுகள் கோணல்மாணலாக வளர்வதைக் கவனித்து, விளக்கு வாயுவில் உள்ள எத்திலீனே காரணம் என்று 1901-இல் எழுதினார். இது தெரிந்தால் அரிசிக்கென்று தனி மகிமை இல்லை என்பதும் தெரியும். செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் மூடி, கூடவே பழுத்த வாழைப்பழம் ஒன்றை வைத்தாலும் அதே பலன் கிடைக்கும். முற்றாத காயை எதில் புதைத்தாலும் சுருங்கத்தான் செய்யும். கொத்தமல்லிக் கட்டைப் பழக்கூடைக்குப் பக்கத்தில் வைத்தால் சீக்கிரம் மஞ்சளாவதும் இந்த வாயுவால்தான். வியாபாரிகள் எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவு வரை பயன்படுத்திப் பழுக்க வைக்கச் சட்டத்தில் அனுமதி உண்டு. கால்சியம் கார்பைடு கல்லுக்குத் தடை, அதில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு இருப்பதுதான் காரணம்.

பாதி பலிப்பது உப்பு ஜாடியில் நாலு அரிசி போட்டு வைப்பது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சுத்தமான உப்பே தண்ணீர் விடத் தொடங்கும். கல் உப்பில் ஒட்டியிருக்கும் மக்னீசியம் குளோரைடு அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே நீரை இழுத்துக்கொள்ளும். சென்னையில் விடியற்காலை ஈரப்பதம் 75-ஐத் தாண்டுவது சாதாரணம், ஐப்பசி கார்த்திகையில் நாள் முழுக்கவே அப்படித்தான். அரிசி கொஞ்சம் ஈரத்தை வாங்கிக்கொள்ளும், அப்புறம் அதுவும் நிறைந்துவிடும். வெறும் வாணலியில் வறுத்து ஆறிய அரிசியைப் போட்டு, மழைக்காலத்தில் அடிக்கடி மாற்றினால் பலன் தெரியும். ஒரு முறை போட்டுவிட்டு வருஷம் முழுக்க எதிர்பார்க்கக் கூடாது.

பலிக்காதது நனைந்த செல்போனை அரிசிக்குள் வைப்பது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் எத்தனையோ போன்கள் அரிசி டிரம்முக்குள் போயிருக்கும். டிரம்மில் இருக்கும் அரிசி சென்னைக் காற்றின் ஈரத்தை ஏற்கெனவே குடித்து முடித்தது, போனுக்குள் இருக்கும் நீரை அது தேடி இழுக்காது. அரிசி மாவும் தூசியும் சார்ஜ் துளைக்குள் போகும். ஆப்பிள் நிறுவனமே 2024-இல் இதைச் செய்யாதீர்கள் என்று எழுதி வைத்தது. போனை உடனே அணைத்து, துளை கீழே பார்க்கும்படி தட்டி நீரை வெளியேற்றி, மின்விசிறிக் காற்றில் வைப்பதுதான் நல்லது. காய்வதற்கு முன் சார்ஜ் போடக் கூடாது. உப்பு ஜாடியில் உதவியதே என்ற நினைப்பில் இருந்து இந்தப் பழக்கம் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஈரப்பதம் பற்றிச் சொன்னதால் மண்பானையையும் சேர்த்துவிடுகிறேன். பானை வேர்த்து, அந்த வேர்வை ஆவியாகப் போகும்போது உள்ளே இருக்கும் தண்ணீரின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. காற்று எவ்வளவு வறண்டதோ அவ்வளவு குளிர்ச்சி. மே மாதம் முற்பகலில் மேற்கில் இருந்து நிலக்காற்று வறட்சியாக அடிக்கும்போது பானைத் தண்ணீர் பற்கள் கூசும்படி இருக்கும். கடற்காற்று வந்து நமக்கு உடம்பு இதமான பிறகு அதே பானை சுமாராகத்தான் குளிரும், காரணம் அந்தக் காற்றில் ஈரம் அதிகம். கடற்காற்று உள்ளே வரத் தாமதமாகும் நாட்களில்தான் இந்த ஊர் கொதிக்கிறது. 2003 மே மாதம் 45 டிகிரி வரை போனதே, அப்படிப்பட்ட வறண்ட நாட்களில் மண்பானைக்கு ஈடு இல்லை. சன்னலோரம், மணல் மேல், காற்று படும்படி வைக்க வேண்டும். போர் தண்ணீரை ஊற்றி வைத்தால் ஒரு பருவத்துக்குள் உப்புப் படிந்து பானையின் நுண்துளைகள் அடைத்துக்கொள்ளும், பிறகு அது வெறும் பாத்திரம்தான்.

மஞ்சள் கறை சோப்பு பட்டதும் சிவப்பாவதைப் பார்க்காத வீடு இருக்காது. வெள்ளை வேட்டியில் சாம்பார் சிந்தி, பதற்றத்தில் சோப்பைத் தேய்த்தால் இரத்தக் கறை போல ஆகிவிடும். பயப்பட வேண்டியதில்லை. மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் காரம் பட்டால் சிவக்கும், காரம் அலசிப் போனதும் மஞ்சளுக்குத் திரும்பும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்த்ததும் சிவப்பது இதே மாற்றம்தான். கல்யாண வீட்டில் ஆரத்தி கரைக்கும் பெரியவர்கள், பள்ளிக்கூட ஆய்வகத்தில் நாங்கள் காட்டும் சோதனையைப் பல தலைமுறையாகக் கையால் செய்து வருகிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். கறையைப் போக்கும் வழியும் குர்குமினின் குணத்திலேயே இருக்கிறது: அது வெயிலைத் தாங்காது. துவைத்து, கறை இருக்கும் பக்கம் மேலே தெரியும்படி மொட்டை மாடிக் கொடியில் நல்ல வெயிலில் போட்டால் சாயங்காலத்துக்குள் வெகுவாக மங்கிவிடும். மசாலாப் பொடி டப்பாவைச் சன்னல் வெயிலில் வைக்கக் கூடாது என்பதற்கும் அதுதான் காரணம்.

காபி பில்டர் பற்றிச் சுருக்கமாக. டிகாஷன் இறங்காமல் நின்றால் பலர் மேல் பாத்திரத்தை லேசாகத் தூக்கி வைப்பார்கள், உடனே சொட்டத் தொடங்கும். கீழ்ப் பாத்திரத்தில் இருக்கும் காற்று வெளியே போக வழியில்லாமல் கீழிருந்து தள்ளிக்கொண்டிருப்பதே தடை, தூக்கியதும் அது வெளியேறிவிடுகிறது. தூக்கியும் இறங்காவிட்டால் பொடி ரொம்ப நைசாக இருக்கிறது, அல்லது அமுக்கியது அதிகம்.

எல்.இ.டி. பல்பு சுவிட்சை அணைத்த பிறகும் ராத்திரியில் மங்கலாக மினுங்குவதைப் பலர் கவனித்திருப்பீர்கள். இதைப் பல்பின் கோளாறு என்று தள்ளிவிடாதீர்கள். சுவிட்சில் குட்டி இண்டிகேட்டர் விளக்கு இருந்தால், அதன் வழியாகப் போகும் மிகச் சிறிய மின்சாரமே எல்.இ.டி.யை மினுக்கப் போதும். அதில் ஆபத்து ஒன்றும் இல்லை. அப்படி இண்டிகேட்டர் இல்லாத சுவிட்சிலும் மினுங்கினால், சுவிட்சைப் பேஸ் வயரில் போடாமல் நியூட்ரலில் போட்டிருக்க வாய்ப்பு உண்டு. அப்படியானால் சுவிட்சை அணைத்தாலும் ஹோல்டரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும், பல்பு மாற்றக் கை வைப்பவருக்கு ஷாக் அடிக்கலாம். பழைய குண்டு பல்பு இருந்த காலத்திலும் இந்தத் தவறு அதே சுவரில் இருந்திருக்கும். அந்தச் சொற்ப மின்சாரத்துக்கு அது எரியாததால் யாருக்கும் தெரியவில்லை. எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களே மெயினை அணைக்காமல் ஹோல்டரைத் தொட வேண்டாம்.

நம்பிக்கை என்ற பக்கத்தில் எனக்கு உண்மையிலேயே கவலை தருவது ஒன்று உண்டு: தீக்காயத்தில் பற்பசை, மாவு, காபித்தூள், மை தடவுவது. பற்பசை தடவியதும் ஜில்லென்று இருப்பது புதினாச் சத்து நரம்பில் ஏற்படுத்தும் உணர்ச்சி. தோலுக்குள் இறங்கிய சூட்டை அது எடுப்பதில்லை. ஜில்லென்று இருந்தது, வலி குறைந்தது என்று ஒருவர் இன்னொருவருக்குச் சொல்ல, அப்படியே பரவிவிட்டது. செய்ய வேண்டியது ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுவது. இதில் சென்னைக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. கோடை மத்தியானத்தில் மாடி டாங்கில் இருந்து வரும் தண்ணீரே சுடும். அப்போது வீட்டுக்குள் பக்கெட்டில் பிடித்து வைத்த தண்ணீரையோ கேன் தண்ணீரையோ மொண்டு ஊற்றிக்கொண்டே இருங்கள். ஐஸ் வைக்கக் கூடாது, கொப்புளத்தை உடைக்கக் கூடாது. முகத்திலோ, கைமூட்டிலோ, உள்ளங்கையைவிடப் பெரிய இடத்திலோ பட்டிருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

தற்செயல் என்று சொல்லும்போது இந்த ஊரில் நடந்த இரண்டு பெரிய தற்செயல்களை விட்டுவிட்டுப் போக மனமில்லை. 1863 மே 30 அன்று, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் பூட், பல்லாவரத்தில் சரளை மண் தோண்டிய குழியில் ஒரு கல்லை எடுத்தார். மனிதன் கையால் செதுக்கிய பழைய கற்காலக் கருவி அது. இந்தியாவின் மிகப் பழைய மனித வரலாற்றின் ஆராய்ச்சி அங்கேதான் தொடங்குகிறது. அந்தக் குழியில் அதற்கு முன்னும் பலர் மண் அள்ளியிருப்பார்கள். பிரான்சில் கிடைத்த அதே மாதிரிக் கற்களைப் பற்றிய செய்தி அப்போது புதிது, பூட் அதைப் படித்திருந்தார். அதனால் அவர் கண்ணுக்கு அது கருவியாகத் தெரிந்தது. இன்னொன்று மெரினா எதிரே மாநிலக் கல்லூரியில். பட்டகத்தின் (முக்கோணக் கண்ணாடித் துண்டு) கோணத்தை அளக்கும் வழக்கமான சோதனையைச் செய்துகொண்டிருந்த மாணவர் சி.வி. ராமன், அளவுக்குச் சம்பந்தமில்லாத, சமச்சீரற்ற ஒளிப் பட்டைகள் ஓரத்தில் தெரிவதைப் பார்த்தார். வேண்டாத ஒன்று என்று விட்டுவிடாமல் பின்தொடர்ந்தார். அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை 1906-இல் லண்டன் இதழில் வந்தது, வயது 18.

கடைசியாக, வீட்டில் இருந்தே யாரும் பார்க்கக்கூடிய ஒன்று. வடக்குப் பார்த்த சன்னலில் வெயில் வராது என்று நம்பி அங்கே செடி வைத்தவர்கள், மே, ஜூனில் இலை கருகுவதைப் பார்த்துக் குழம்புவார்கள். செடிக்கு நோய் என்று நினைத்து மருந்தும் அடிப்பார்கள். சென்னை இருப்பது ஏறத்தாழ 13 டிகிரி வடக்கில். சூரியன் தன் வருடப் பயணத்தில் நம்மையும் தாண்டி 23 டிகிரிக்கு மேல் வடக்கே போகிறது. ஏப்ரல் 24 வாக்கில் நம் தலைக்கு நேர் மேலே வந்து, வடக்கே போய்த் திரும்பி, ஆகஸ்ட் 18 வாக்கில் மறுபடி தலைக்கு மேலே வருகிறது. இடைப்பட்ட கிட்டத்தட்ட நாலு மாதமும் சூரியன் உதிப்பது, உச்சிக்கு வருவது, மறைவது எல்லாமே நமக்கு வடக்குப் பக்கம். அதனால் காலையிலும் சாயங்காலத்திலும் சாய்ந்த வெயில் வடக்குச் சன்னல் வழியாக உள்ளே வரும், தெற்குச் சுவரிலோ அந்த நாட்களில் நேர் வெயிலே விழாது. மார்கழியில் இது தலைகீழ். மத்தியானத்திலும் சூரியன் தெற்கே நன்றாகச் சாய்ந்திருப்பதால் தெற்குச் சன்னல் வெயில் அறைக்குள் தூரம் வரும்.

வீடு வாங்குகிறவர்களுக்கும் வாடகைக்குப் பார்க்கிறவர்களுக்கும் இது பயன்படும். வெக்கை மாதங்களில் தெற்குச் சன்னல் உள்ள படுக்கையறை நல்லது, அந்தப் பக்கம் இருந்து காற்றும் கிடைத்தால் இன்னும் நல்லது. மேற்குச் சுவர்தான் மிகவும் சுடும், பகல் முழுக்கச் சூடான காற்றோடு சாயங்கால வெயிலும் அதில் நேராக விழுகிறது. படுக்கையை அந்தச் சுவரை ஒட்டிப் போட வேண்டாம். வடக்கு பால்கனியில் கறிவேப்பிலை, செம்பருத்தி போன்று வெயில் தாங்கும் செடிகளை வைத்து, மென்மையான செடிகளைச் சித்திரைக்கு முன்பே தெற்கே மாற்றிவிடலாம்.

சூரியன் தலைக்கு மேல் வரும் நாளை நேரிலேயே பார்க்கலாம். நிமிர்ந்து நிற்கும் குழாயோ, நேரான டப்பாவோ அந்த ஒரு நிமிடம் நிழலே இல்லாமல் நிற்கும். அது சரியாக 12 மணிக்கு நடக்காது. நம் கடிகாரம் மிர்சாப்பூர் வழியாகப் போகும் 82½ டிகிரி தீர்க்கரேகையின் கணக்கில் ஓடுகிறது, சென்னை அதற்கு மேற்கே இருப்பதால் இங்கே சூரியன் சுமார் 9 நிமிடம் தாமதம். 1792-இல் நுங்கம்பாக்கத்தில் அமைந்த மதராஸ் வானியல் கூடத்தை வைத்துத்தான் ஒரு காலத்தில் மதராஸ் நேரம் என்று தனியாகக் கணக்கிட்டார்கள், இந்திய ரயில்களும் அந்த நேரத்தில் ஓடின. அந்த இடத்தில் இப்போது வானிலை ஆய்வு மையம் இருக்கிறது. சூரியனின் ஓட்டத்தில் வருஷத்துக்குள் வரும் சிறு ஏற்ற இறக்கத்தையும் சேர்த்தால், ஏப்ரல் 24 அன்று நேரம் 12.07 வாக்கில், ஆகஸ்ட் 18 அன்று 12.13 வாக்கில் வரும். ஐந்து நிமிடம் முன்னதாகவே மொட்டை மாடிக்குப் போய், தரை மட்டமாக இருக்கும் இடமாகப் பார்த்து டப்பாவை வையுங்கள். ஆகஸ்டில் மேகம் மறைக்க வாய்ப்பு அதிகம், ஏப்ரலில் பார்ப்பதே நல்லது. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், காலில் செருப்பு இருக்கட்டும், சூரியனை நேராகப் பார்க்க வேண்டாம்.